மேல்வீட்டுத் தண்ணீர்

டிசம்பர் 27

பால்கனி முழுக்க வெள்ளைக் குழாய்கள். வீட்டில் பிளம்பர் வேலை நடக்கிற மாதிரி இருக்கிறது. எல்லாம் மெர்லின் ஆன்லைனில் வரவழைத்தது. ஹைட்ரோபோனிக்ஸாம். மண்ணே இல்லாமல், தண்ணீரிலேயே கீரை வளர்ப்பது. விடுமுறை முடிந்து வேலூர் விடுதிக்குக் கிளம்புவதற்குள் எனக்குக் கற்றுக்கொடுத்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

"நீ தனியா இருக்கியேன்னுதாம்மா."

கணவர் சவரிராஜ் மஸ்கட்டில், மகள் வேலூரில், நான் திருச்சியில் இரண்டாவது மாடியில். அதற்காக எனக்கு ஒரு குழாயைத் துணைக்கு வைக்கிறாள்.

உண்மையான காரணம் கீழ்வீடு. தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் என் பால்கனி ஓட்டை வழியாகச் சேறு இறங்கும். வடிகுழாய் கோதண்டபாணி சாரின் பால்கனிக்கு மேலே விரிசல் விட்டிருக்கிறது. அவர் காயப்போட்ட வேட்டிமேல் சொட்டும். உடனே கைத்தடியால் அந்தக் குழாயை டங் டங்கென்று தட்டுவார். தொண்டையில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து அவருக்குக் குரல் எழும்பாது. அதனால் சண்டைக்குக் கூப்பிடுவதெல்லாம் தட்டித்தான். நான் எட்டிப் பார்த்தால் கறை படிந்த வேட்டியைத் தூக்கிக் காட்டுவார். போன மாதம் அதை எடுத்துக்கொண்டு மாடியேறியே வந்துவிட்டார். தொட்டிகளையெல்லாம் அன்றே தேவாலயத் தோட்டத்துக்குக் கொடுத்தேன்.

"மண்ணும் இல்ல, சண்டையும் இல்ல" என்கிறாள் மெர்லின். பார்க்கலாம்.

டிசம்பர் 28

ஈரமான ஸ்பாஞ்ச் துண்டுகளில் விதை போட்டோம். பாலக், லெட்யூஸ், கொஞ்சம் சிறுகீரை. துண்டுக்கு இரண்டு விதை. தட்டில் தண்ணீர் விட்டு இருட்டில் மூடிவைத்தாயிற்று. இதைப் பாத்திரம் தேய்க்கத்தானே வாங்குவோம் என்றேன். மெர்லின் சிரிக்கவில்லை.

டிசம்பர் 31

முளைத்துவிட்டது! பாத்திரம் தேய்க்கிற பஞ்சில்!

ஜனவரி 2

மெர்லின் காலை ரயிலில் போய்விட்டாள். தட்டை வெயில் படும் இடத்துக்கு மாற்றினேன்.

ஜனவரி 9

வேர் ஸ்பாஞ்சைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. தும்பைப் பூ போல வெள்ளை. மண்ணுக்குள் இருந்தால் இதை யார் பார்ப்பது?

மெர்லின் வீடியோ அழைப்பில் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் பொருத்தினேன். கீழே தண்ணீர்த் தொட்டி, அதற்குள் சின்ன மோட்டார். மோட்டார் தண்ணீரை மேல்குழாய்க்கு ஏற்றும். அது நான்கு குழாய் வழியாக ஓடி மறுபடி தொட்டிக்கே வரும். குழாய் துளைகளில் வலைக் கிண்ணம், கிண்ணத்தில் நாற்று, சுற்றிக் களிமண் உருண்டைகள். செடிக்குச் சாப்பாடு இரண்டு பாட்டில், ஏ, பி. இரண்டையும் நேராகக் கலக்கக் கூடாது, திரிந்துவிடும். முதலில் ஒன்றைத் தண்ணீரில் கரைத்துவிட்டுத்தான் மற்றது.

"அம்மா, இணைப்பெல்லாம் இறுக்கமா இருக்கான்னு பாரு."

"இருக்குடி."

தண்ணீர் ஓடுகிற சத்தம் வீட்டுக்குள்வரை கேட்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 11

படியில் கோதண்டபாணி சார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, தனியாள். காற்றாக வருகிற குரலில், "மேடம், மேல என்ன மோட்டார் சத்தம்?" என்றார். விளக்கினேன்.

"தண்ணி கீழ வராதுல்ல?"

"ஒரு சொட்டு வராது சார்."

நம்பாத மாதிரி பார்த்தார். பொங்கலுக்கு ஓசூரில் மகள் வீட்டுக்குப் போகிறீர்களா என்று பேச்சை மாற்றினேன். "பாக்கணும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஜனவரி 13

தொட்டியில் தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது. காலையில் நிரப்பினால் சாயங்காலம் பாதிதான் இருக்கிறது. மெர்லினைக் கேட்டேன். "செடி குடிக்கும்மா." விரல் உயரச் செடி அரை வாளித் தண்ணீர் குடிக்குமா?

குழாய்களைத் தாங்குகிற சட்டத்துக்குக் கீழே தரை ஈரம். இருட்டிவிட்டது, நாளை பார்க்கலாம். நிரப்பி வைத்துவிட்டேன். மோட்டார் காய்ந்தால் எரிந்துவிடுமாம்.

ஜனவரி 14, போகி

விடிந்ததும் தெருவெல்லாம் புகை. ஜன்னலைச் சாத்திவிட்டுக் காபி போடும்போது ஆரம்பித்துவிட்டார். டங் டங் டங்.

பால்கனிக்கு ஓடினேன். மூன்றாவது குழாயின் முனையிலிருந்து ஒழுகுகிறது. தண்ணீர் ஓட்டைக்குப் போய், குழாய் விரிசல் வழியாக அவர் வீட்டுக்கு. ஒரு சொட்டு வராது என்று சொன்ன வாய். எனக்கு எட்டிப் பார்க்க முகமில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கி, டேப் சுற்றினேன். குறைந்தது, நிற்கவில்லை.

நாள் முழுக்க விட்டு விட்டுத் தட்டுகிறார். கடையெல்லாம் பாதி மூடிக் கிடக்கிறது, பண்டிகை நேரத்தில் பிளம்பருக்கு நான் எங்கே போவேன்? டிவியைச் சத்தமாக வைத்தேன்.

ஜனவரி 15, பொங்கல்

குடியிருப்பு காலி. எதிர்வீட்டு மும்தாஜ் அக்கா குடும்பம் புதுக்கோட்டையில். வாட்ச்மேனும் ஊருக்குப் போய்விட்டார். தேவாலயத்தில் பூசை முடிந்து திரும்பும்போது பார்த்தேன், கோதண்டபாணி சார் வாசலில் பேப்பர் எடுக்காமல் கிடந்தது. அதை எடுக்கக்கூட மனமில்லாமல் என்னோடு மல்லுக்கு நிற்கிறார்.

மதியம் மறுபடி தட்டல். பொறுக்க முடியவில்லை. பால்கனியில் நின்றபடி கத்தினேன்: "சார், சரி பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்! பண்டிகை நாள்லகூட இப்படியா?"

என் குரல் கேட்டதும் இன்னும் வேகமாகத் தட்டினார். என்ன மனிதர்!

கதவைச் சாத்திக்கொண்டேன். சர்க்கரைப் பொங்கல் கொஞ்சம் கீழே கொடுக்கலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். கொடுக்கவில்லை.

ஜனவரி 16

ஒரு பெயின்ட் கடை திறந்திருந்தது. எம்-சீல் வாங்கி வந்து பிசைந்து அப்பினேன். மோட்டாரை நிறுத்தி, காயவிட்டு, மறுபடி போட்டேன். ஒழுகவில்லை! தரையைத் துணியால் துடைத்துக் காய வைத்தேன்.

சாயங்காலம் இரண்டு தட்டு, மெதுவாக. அதோடு சரி. தண்ணீர் நின்றது, தட்டுவதும் நின்றது. நான் நினைத்தது சரிதான். இன்று நிம்மதியாகத் தூங்குவேன். பாலக்கில் நான்காவது இலை.

ஜனவரி 17

எழுத முடியுமா என்று தெரியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

மதியம் மும்தாஜ் அக்கா ஊரிலிருந்து வந்தார். என் வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். இந்தக் கீழ்வீட்டு மனிதர் பண்டிகையும் அதுவுமாக என்னைப் படுத்திய பாட்டைச் சொல்ல ஆரம்பித்தேன்.

அக்கா, "அவரு ஊர்ல இல்லையே ஜெசி?" என்றார். "வாசல்ல பேப்பர் அப்படியே கெடக்கு. பால் பாக்கெட்டு வெடிச்சு நாறுது. ஓசூரு போயிருப்பாரு."

"இல்லக்கா, நேத்து சாயங்காலம்கூட தட்டினாரே."

"பால எடுக்காம வீட்டுக்குள்ள உக்காந்து யாரு தட்டுவா?"

அக்கா சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குக் காது அடைத்துவிட்டது. அடுத்து ஓடியது மட்டும் நினைவிருக்கிறது. அவர் வீட்டு மணியை அழுத்தினேன். கதவைக் குத்தினேன். உள்ளிருந்து தாழ்ப்பாள். என் பால்கனிக்கு ஓடி, குழாய்களைத் தள்ளிவிட்டு, கம்பியில் வயிற்றை வைத்துக் கவிழ்ந்து கூப்பிட்டேன். "சார்! கோதண்டபாணி சார்!"

பதில் இல்லை. கைப்பிடிச் சுவரின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. வேட்டி என்று நினைத்தேன். அது கால்.

அக்காவின் கணவர் ஷாகுல் அண்ணன் பெயின்ட் கடை ஏணியைத் தூக்கிவந்து கீழிருந்து ஏறினார். சுவரைத் தாண்டி உள்ளே குதித்தார். கொஞ்ச நேரம் சத்தமே வரவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"உசுரு இருக்கு! ஆம்புலன்ஸுக்கு அடிங்க!"

அண்ணன் உள்ளே போய் வாசல் கதவைத் திறந்ததும் நான் கீழ்வீட்டுப் பால்கனிக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். கோதண்டபாணி சார் ஒருக்களித்துக் கிடந்தார். இடது கால் மனிதக் கால் வளையக் கூடாத பக்கம் வளைந்திருந்தது. கொடியிலிருந்து இழுத்த வேட்டி ஒன்றைப் போர்த்தியிருந்தார். உதடு கறுத்து வெடித்திருந்தது. கைத்தடி அறைக்குள், கட்டில் ஓரத்தில் சாத்தியபடி இருந்தது. பால்கனியில் அவரிடம் இருந்தது ஒரு எவர்சில்வர் டம்ளர் மட்டும். காலையில் காபியோடு வந்திருப்பார். அதன் விளிம்பு நசுங்கிப் போயிருந்தது.

அந்த டம்ளர், குழாய் விரிசலுக்கு நேர் கீழே வைக்கப்பட்டிருந்தது. காலியாக.

நான் ஒழுக்கை அடைத்தது நேற்று.

ஜனவரி 18

தில்லைநகர் பக்கம் ஒரு மருத்துவமனை. தீவிர சிகிச்சை. இடுப்பெலும்பு முறிவு, உடம்பில் நீர்ச்சத்து இல்லை, சிறுநீரகம் தடுமாறுகிறது.

ஓசூரிலிருந்து மகள் சியாமளா விடியும்போதே வந்துவிட்டார். மருத்துவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"இத்தனை நாள் தண்ணியில்லாம இந்த வயசுல தாங்கறது கஷ்டம். ஏதோ குடிச்சிருக்கார். ரத்தத்துல பொட்டாசியம் தூக்கலா இருக்கு. என்ன குடிச்சார்னு தெரியுமா?"

"என் செடித் தண்ணிங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

வீட்டுக்கு ஓடி ஏ, பி பாட்டில்களை எடுத்துவந்தேன். அவர் லேபிளைப் படித்தார். கலந்த அளவைக் கேட்டார். "இது தண்ணில ரொம்பக் கம்மிதான். சிறுநீரகம் வேலை செய்யாததாலதான் ஏறியிருக்கு. பாத்துக்கறோம். இது கெடைக்கலைன்னா நாம இப்ப பேசிட்டு இருக்க மாட்டோம்."

சியாமளா என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு அழுதார். "நீங்கதாங்க்கா எங்கப்பாவக் காப்பாத்தினது."

நான் கையை உருவிக்கொள்ளவில்லை.

ஜனவரி 19

நினைவு வந்திருக்கிறது. சியாமளாவிடம் ஏதேதோ சொன்னாராம். "காலைல துணி எடுக்க வந்து ஈரத்துல கால வச்சுட்டாராம். வழுக்கி விட்டுருச்சு. பனியா இருந்திருக்கும், இல்லக்கா?"

ஜனவரியில் பனி அதிகம் என்றேன்.

ஜனவரி 20

சவரிராஜிடம் போனில் எல்லாம் சொன்னேன். "யார்கிட்டயும் வாயத் தொறக்காத. நீ காப்பாத்தினவ. அதோட நிறுத்து" என்றார். நல்லதுக்குத்தான் சொல்கிறார்.

சாப்பிட உட்கார்ந்தால் அந்தச் சர்க்கரைப் பொங்கல் டப்பா ஃபிரிட்ஜில் கண்ணில் படுகிறது. கொட்டினேன்.

ஜனவரி 21

அறுவை சிகிச்சை நடந்தது. பிழைத்துக்கொண்டார்.

பால்கனிக் கதவை இன்றுதான் திறந்தேன். சனிக்கிழமை நான் குழாய்களைத் தள்ளிவிட்டதில் மோட்டாரின் வயர் பிடுங்கிக்கொண்டு தண்ணீர் ஓட்டம் நின்றிருக்கிறது. செடிகளெல்லாம் துவண்டு குழாயோடு ஒட்டிக் கிடந்தன. மண்ணில் இருந்தால் ஓரிரு நாள் தாங்குமாம். இவற்றுக்கு வேருக்கு அடியில் சேமிப்பு என்று எதுவும் இல்லை. கிண்ணம் கிண்ணமாக எடுத்துக் குப்பைப் பையில் போட்டேன். வேர்கள் நூல் போலக் காய்ந்திருந்தன. குழாய்களைக் கழுவவில்லை.

மெர்லின் படம் அனுப்பச் சொல்லிக் கேட்டாள். போன் சரியில்லை என்றேன்.

ஜனவரி 23

மும்தாஜ் அக்கா குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் என்னைப் பற்றி எழுதியிருக்கிறார். இருபது பேர் கைகூப்பி அனுப்பியிருக்கிறார்கள். செயலாளர் குடியரசு தினத்தன்று எனக்குப் பொன்னாடை போர்த்த வேண்டுமாம். பொன்னாடை!

ஜனவரி 25

அவரைப் பொது வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். பழம் வாங்கிக்கொண்டு போனேன். சியாமளா தலையணையைச் சரி செய்துகொண்டிருந்தார். பாதியாகிவிட்டார் மனிதர். கண் மட்டும் பழைய கண்.

நான் உட்காரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அந்தக் காற்றுக் குரலில் கேட்டார்.

"மேடம்... தட்டினேன். கேட்டுதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சியாமளா முந்திக்கொண்டார். "கேட்டிருந்தா வந்திருக்க மாட்டாங்களாப்பா? என்ன கேள்வி இது!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

"கேட்டுச்சு" என்றேன்.

சியாமளாவுக்குப் புரியவில்லை. "என்னக்கா?"

"கேட்டுச்சு சார். மொத நாளே கேட்டுச்சு. எல்லா நாளும் கேட்டுச்சு. தண்ணி ஒழுகுதுன்னு சண்டைக்குத் தட்றீங்கன்னு நெனச்சேன். டிவிய சத்தமா வச்சேன். பொங்கலன்னிக்குக் கத்துனது நான்தான். அப்புறம் ஒழுக்க அடச்சதும் நான்தான். நீங்க வழுக்கினது பனியில்ல. அதுவும் என் தண்ணிதான்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சியாமளாவின் முகத்தில் ரத்தமே இல்லை. கையிலிருந்த தலையணை உறை கீழே விழுந்தது.

"கேட்டுக்கிட்டு... மேல உக்காந்திருந்தீங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"வெளிய போங்க."

அவரைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எழுந்து வந்துவிட்டேன். பழப்பை கையிலேயே இருந்ததை ஆட்டோவில்தான் கவனித்தேன்.

ஜனவரி 26

கீழே கொடியேற்றும் சத்தம். கூப்பிட வந்தார்கள். கதவைத் திறக்காமலே காய்ச்சல் என்றேன். பிறகு கதவைத் திறந்து, நடந்ததை மும்தாஜ் அக்காவிடம் மட்டும் சொன்னேன். அக்கா வாயில் கை வைத்தபடி என்னையே பார்த்தார். "யா அல்லாஹ்" என்று ஒரே ஒரு முறை சொன்னார். போகவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஆனால் என்னைத் தொடவில்லை.

மெர்லினிடமும் சொன்னேன். "நான்தானே செடி குடிக்கும்னு சொன்னேன்" என்று அழுகிறாள். அவளைச் சமாதானப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஜனவரி 28

சியாமளாவிடமிருந்து போன். "வர முடியுமா?" அவ்வளவுதான். உடனே போனேன். திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன்.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தலை வாரி ஒரு வாரம் ஆகியிருக்கும்.

"பொங்கலன்னிக்கு அப்பாவுக்கு மூணு தடவ போன் பண்ணேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "ஓசூருக்கு வந்து எங்ககூடவே இருங்கன்னு சண்ட போட்டிருந்தேன். அவரு எடுக்கல. வீம்பு புடிக்கிறாருன்னு நானும் விட்டுட்டேன். மறுநாள் பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு ஒகேனக்கல் போய்ட்டேன். அங்க போட்டோ எல்லாம் எடுத்தோம்."

கலைந்த முடியை அள்ளி முடிந்துகொண்டார்.

"உங்கள நெனச்சா ஆத்திரமாத்தான் வருது. இப்பவும். ஆனா திட்ட ஆரம்பிச்சா, அது எனக்கும் சேந்துதான் வருது. அப்பா உங்கள வரச் சொல்றாரு. நான் போய்க் குளிச்சிட்டு, துணி மாத்திட்டு வரணும். இருக்கீங்களா?"

தலையாட்டினேன். அவர் என்னிடம் மாத்திரை நேரத்தைச் சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே போனதும் கோதண்டபாணி சார் கையால் நாற்காலியைக் காட்டினார். அவர் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

"உங்க வீட்டுக்கு நான் எத்தன தடவ தட்டியிருக்கேன்?" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. "எல்லாம் சண்டைக்குத்தான். சும்மா ஒரு தடவ தட்டி, எப்படி இருக்கீங்கன்னு கேட்டதில்ல."

"சார், அதெல்லாம் இப்ப..."

"உங்க மேல கோவம் இல்லைன்னு சொல்லல." என் பேச்சை நிறுத்தினார். "இருக்கு. அங்க கெடந்தப்ப, மேல சர்க்கரப் பொங்கல் வாசன வந்துச்சு. நீங்க கதவச் சாத்தினது கேட்டுச்சு. அத என்னால இப்ப மறக்க முடியல. பாக்கலாம்."

"சரி சார்."

"போய்டாதீங்க. அவ வர்ற வரைக்கும் இருங்க."

"இருக்கேன் சார்."

கண்ணை மூடிக்கொண்டார். இதை அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மதிய நேரம், பார்வையாளர்களின் பேச்சு, தள்ளுவண்டிச் சத்தம், யாரோ ஒருவரின் போனில் பாட்டு. இத்தனைக்கும் நடுவில் அவர் குரல் எங்கே கேட்கப்போகிறது? நாற்காலியை இன்னும் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டேன்.

சற்று முன் அவர் உதடு அசைந்தது. பேனாவை வைத்துவிட்டுக் குனிந்து காதைக் கொடுத்தேன். ஒன்றுமில்லை, தூக்கத்தில் ஏதோ. மறுபடி அசைந்தது. மறுபடி குனிந்தேன்.